ரெண்டு ரிங் அடித்தால் காபிப்பொடி

கல்யாணராமன் முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசி இலாகாவில் இருந்தவர். மயிலாப்பூரில் பாதி வீடுகளுக்கு அவர் மேற்பார்வையில்தான் கம்பி வந்தது. ஊரையே பேச வைத்த மனுஷன், தான் பேசவேண்டுமென்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவர் மாதிரி இருப்பார். கல்யாண வீடோ இழவு வீடோ, அவரிடமிருந்து மூன்று வார்த்தைக்கு மேல் பெயராது. அந்தக் குறை தெரியாமல் இருக்க வேம்பு அவருக்கு மனைவியாக வாய்த்திருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அந்த வீட்டில் ரிங் கொடுக்கிற பழக்கம் செல்ஃபோனெல்லாம் வருவதற்கு முந்தியது. வேலை முடிந்து கிளம்பும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். வேம்பு பாலை அடுப்பில் ஏற்றிவிடுவாள். பிள்ளை ஸ்ரீநாத் பம்பாய்க்கு ரயிலேறினால், போய்ச் சேர்ந்ததும் மூன்று ரிங். எடுத்தால்தானே பில்? எடுக்காமலே காரியத்தை முடித்துக்கொள்வதில் வேம்புவுக்கு அலாதிப் பெருமை. சர்க்காருக்கே அல்வா கொடுத்துவிட்டதாக நினைப்பு.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனை உடம்பு தாங்காது, மாத்திரையிலேயே ஓட்டலாம், ஆனால் மூச்சு முட்டினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

கல்யாணராமன் தினமும் மத்தியானம் அடையாறுக்கு பஸ் பிடித்துப் போய், ஓய்வூதியர் சங்கத்தில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்புவார். அந்த நான்கு மணி நேரம் வேம்பு வீட்டில் தனி. சங்கத்தை விட்டுவிடுகிறேன் என்றார். அவள் கேட்கவில்லை. இவர் எதிரே உட்கார்ந்து தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத வியாதியும் வந்துவிடும் என்றாள். சங்கத்தில் ஃபோன் கிடையாது. சங்கதி தெரிந்ததும், பணம் அனுப்புகிறேன், அப்பா கையில் ஒரு செல் இருக்கட்டும் என்று ஸ்ரீநாத் சொல்லிவிட்டான்.

தி. நகர் கடையில் நஸ்ருன்னிசா என்கிற பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். முதலில் வந்ததெல்லாம் சின்னதும் ஒல்லியுமாக இருந்தன. இதைக் காதில் வைத்தால் காதுக்குள்ளேயே போய்விடும் என்று வேம்பு ஒதுக்கித் தள்ளினாள். கடைசியில் அந்தப் பெண் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தடியாக ஒன்றை எடுத்தாள். பெரிய பட்டன்கள், கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி எண்கள், நாலு வீட்டுக்குக் கேட்கிற சத்தம்.

"வயசானவங்களுக்கு இதுதாம்மா சரி. பச்சைய அமுக்கினா பேசலாம், செவப்ப அமுக்கினா கட்டு. வேற எதையும் தொடவே வேணாம்."

கல்யாணராமனுக்கும் பிடித்துவிட்டது. பில் போடும்போதுதான், வருகிற அழைப்பை எடுத்தாலும் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று அந்தப் பெண் சொன்னாள். வேம்புவின் முகம் மாறிவிட்டது. நம்மை யாரோ கூப்பிடுவதற்கு நாம் எதற்குக் காசு அழவேண்டும் என்று ஆட்டோவில் மயிலாப்பூர் வருகிறவரை புலம்பினாள். வீட்டுக்குள் நுழைவதற்குள் திட்டம் தயார். ஒரு ரிங் என்றால் காய்கறி, இரண்டு என்றால் காபிப்பொடி, மூன்று என்றால் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள். நிற்காமல் அடித்தால் மட்டும் பச்சையை அமுக்கவேண்டும். அதற்கு அர்த்தம், எனக்கு முடியவில்லை.

கல்யாணராமன் அதிசயமாக வாயைத் திறந்தார். "எப்ப அடிச்சாலும் எடுத்துடறேனே, வேம்பு."

"எதுக்கு? எடுத்தா மட்டும் நீங்க பேசிடப் போறேளாக்கும்?"

அதோடு பேச்சு முடிந்தது. நாற்பது வருஷமாக அவள் சொல்லி அவர் மறுத்ததில்லை, அன்றும் மறுக்கவில்லை. இங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம். ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

நாலைந்து மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சங்கத்தில் மேஜைமேல் அந்தத் தடி ஃபோன் ஒரு தடவை அலறி ஓய்ந்தால், கத்திரிக்காயா சார் என்று பக்கத்து நாற்காலி ராஜகோபாலன் கேலி செய்வார். கல்யாணராமன் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது அவருக்கு இனித்தது. அவள் நன்றாக இருக்கிறாள், அடுப்படியில் நின்று எது தீர்ந்தது என்று பார்க்கிறாள் என்று அந்தச் சத்தம் அவருக்குச் சொல்லும்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது. காபிப்பொடி.

திங்கட்கிழமைதானே அரைத்து வாங்கினோம், அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று ஒரு கணம் யோசித்தார். யாராவது வந்திருப்பார்கள், இல்லை பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்பாள். தாராளக் கை. கோயில் குளத்தருகே இறங்கிக் காபிப்பொடிக் கடைக்குப் போனார். கூட்டம். தன் முறை வந்ததும், முன்னால் அரைத்தவரின் சிக்கரி தன் பொடியில் கலந்துவிடக் கூடாது என்று மெஷினைத் துடைக்கச் சொல்லிக் காத்திருந்தார். அவளுக்கு அந்த வாசனை ஆகாது. முப்பத்தைந்து நிமிஷம் கழித்து, சூடான பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

வேம்பு கூடத்தில் கிடந்தாள். விழும்போது டெலிஃபோனையும் மேஜையிலிருந்து இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். அவள் கை, ரிசீவரை வைத்தால் லைன் கட்டாகிற அந்தக் கொக்கியை அமுக்கியபடி இருந்தது. அதனால்தான் நிற்காமல் அடிக்கவேண்டிய ஃபோன் இரண்டு ரிங்கோடு நின்றுவிட்டது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, உயிர் இல்லை. வந்து பார்த்த டாக்டர், அரைமணி முன்னால் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார். கல்யாணராமன் பதில் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

காரியத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட மருமகள் ஸ்ரீரஞ்சனி டப்பாவைத் திறந்தாள். பொடி கழுத்துவரை இருந்தது. பக்கத்தில் பிரிக்காத பொட்டலம். "டப்பா ரொம்பி இருக்கே, இது எதுக்குப்பா வாங்கினேள்?" என்று கேட்டாள். அவர் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கி, பூஜை அலமாரியில் வேம்புவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் பிள்ளை ஆறுதலாவது சொல்லியிருப்பான். அதைக்கூட வாங்கிக்கொள்ள அவருக்கு மனமில்லை.

ஸ்ரீநாத் பம்பாய்க்கு வந்துவிடச் சொன்னான், வரமாட்டேன் என்றார். அந்தத் தடி செல் பகலில் சட்டைப் பையில், இரவில் தலைமாட்டில். ஸ்ரீநாத்தைத் தவிர வேறு யாருக்கும் அந்த எண் தெரியாது. தெரிந்த இன்னொருத்தியும் போய்விட்டாள். தப்பான எண்ணைச் சுழற்றி யாராவது அடித்தால்கூட உடனே எடுத்து, யார், என்ன வேண்டும் என்று கேட்டார். பில் ஏறியது. பணம் அனுப்புகிற ஸ்ரீநாத்துக்குப் புரியவில்லை.

"அப்பா, போய்ச் சேந்தா ரிங் குடுக்கறேன்னு நான்தான் சொன்னேனே. பாதி ரிங்லயே எடுத்துடறியே. அம்மா இருந்தா திட்டுவா."

கல்யாணராமன் ஃபோனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார். நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"திட்டட்டும்டா," என்றார். "என்ன வேணும்னு எடுத்துக் கேட்டுடணும்."