பச்சைக்கல்லும் தம்பியின் தீர்க்கதரிசனமும்

மழை வந்த அந்த மத்தியானம் அக்கா தன் தார்ப்பாய்களை இழுத்துவந்து தம்பியின் செங்கல் களத்தில் விரித்ததை யாரும் பார்க்கவில்லை. அச்சில் அடித்துக் காயவைத்த ஆயிரம் பச்சைக்கல். சூளைக்குப் போகும்முன் நனைந்தால் வெறும் சேறு. மழை விட்டதும், கல் புழுங்கிவிடுமே என்று தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த தன் களத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய கல்லில் இரண்டு வரிசை கரைந்து கிடந்தது.

தம்பி அப்போது ஜெபக்கூட்டத்தில் இருந்தான். எலியா தீர்க்கதரிசி சொன்னபடி மழை நின்றுபோன கதையை முதல்நாள்தான் வாசித்திருந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு மணி நேரம் ஆனது. தானும் எலியாதான் என்று முடிவுகட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கல் சபையின் இடிந்த சுவருக்கானது. மாதக் கடைசிக்குள் தருவதாகப் போதகருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். "என் களத்துல ஒரு துளி விழாது" என்று வானத்துக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

திரும்பி வந்தால் சுற்றிலும் சகதி, கல் மட்டும் காய்ந்திருந்தது. அங்கேயே முழங்கால் போட்டான். இருந்த ஒரே நல்ல உடுப்பு பாழானது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, தன் சொல்லுக்கு மழை விலகிப்போனதென்று சாட்சி சொன்னான். கடைசி வரிசையிலிருந்து அக்காவின் "ஆமென்"தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டது. அதற்குப்பின் அவன் நடையே மாறிவிட்டது. துணி காயப்போடலாமா என்று யாராவது கேட்டால், கண்ணை மூடி யோசித்துப் பதில் சொன்னான்.

சுவருக்கு இன்னும் வேண்டியிருந்த ஆயிரம் கல்லை அடித்து முடித்த அன்று மேகம் திரண்டது. அக்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். தம்பி களத்தின் நடுவில் நின்று கையை உயர்த்தினான். தூறல் விழுந்தது. இன்னும் உயர்த்தினான். அக்குள்வரை நனைந்ததுதான் மிச்சம். கல்லெல்லாம் கண்முன்னே கரைந்து ஓடியது.

நேரே அக்காவிடம் போனான்.

"ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாருக்கா."

"கல்லை மூடினியா?"

"போன தடவை மூடாமயே..."

அக்கா போர்வைக்குள் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். "போன தடவை மூடினது நான்டா, எலியா!"

அவனுக்கு முகம் தொங்கிப்போனது. "அன்னிக்கே சபையில சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் எழுந்தேன். உன் மூஞ்சியில அப்படியொரு வெளிச்சம். ஆமென்னு சொல்லி உக்காந்துட்டேன். என் மேலயும் தப்புதான்."

"அப்ப எலியா சொன்னது நடந்துச்சே?"

"அவரு மழையை நிறுத்தலடா. நிறுத்துறவர் சொல்லச் சொன்னதைச் சொன்னாரு. உங்கிட்ட யாரு சொன்னா?"

யோசித்துப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எழுந்து சாட்சியைத் திருத்தினான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அவனும் சேர்ந்துகொண்டான். காய்ச்சல் விட்டதும் அக்கா வந்து கூடவே அச்சுப் பிடித்தாள். சொன்ன நாளுக்கு ஒரு வாரம் பிந்திச் சுவர் எழுந்தது. அதில் பாதி அவள் கை பட்ட கல்.

பல வருஷம் கழித்து அக்கா முழங்கால் தேய்ந்துபோய், மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினாள். பிறகு அவள் திரும்பவேயில்லை. கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் மூட்டையை ஏற்றிவிட்டு, தம்பி பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தான். வானம் கறுத்திருந்தது.

ஜன்னல் வழியே அக்கா அதட்டினாள்: "என்னடா பார்க்குற? மேகம் அவரு கையில இருக்கு. என் தார்ப்பாயை உன் களத்துல வச்சிட்டு வந்திருக்கேன். பஸ் போறவரைக்கும் நிக்காத, ஓடிப்போய் மூடு."