மிருதங்கத்துக்காகக் கத்தினேன்

"பிள்ளைகளா, எல்லாம் எந்திரிச்சு முன்னாடி வாங்க. கேமராவுல காலி சேரு தெரியுது."

சபாவின் செயலாளர் இப்படிச் சொன்னதும் நாங்கள் பத்துப் பதினைந்து மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்குப் போவோம். கால் மணி நேரத்தில் நன்கொடை கொடுத்தவர் வீட்டு ஆட்கள் பட்டுச்சேலை சரசரக்க வந்து நிற்பார்கள். "எந்திரிங்க, எந்திரிங்க, பெரியவங்க வந்திருக்காங்கள்ல." மறுபடியும் பையோடு பின்னால். ஒரே கச்சேரியில் மூன்று தடவை இடம் மாறியிருக்கிறேன். மேடையில் பாடகர் கல்யாணி ராகத்தில் உருகிக்கொண்டிருப்பார். நான் யார் காலையாவது மிதித்துவிட்டு, தெரியாம பட்டுருச்சுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

காசு வாங்காமல் விட்டார்கள், அது உண்மைதான். திண்டுக்கல்லில் பழனி சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு வாரம் கச்சேரி நடக்கும். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் பக்கவாசல் வழியாக உள்ளே விடுவார்கள். நான் சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து பி.காம். படித்தவள். எங்கள் வீட்டில் யாருக்கும் ராகம் தெரியாது, தாளம் தெரியாது. முதல் வருஷம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வெயிலுக்கு ஒதுங்கத்தான் அந்த மண்டபத்துக்குள் போனேன்.

போன நேரம், பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரர் ஒருவராக வாசிக்க ஆரம்பித்தார். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், சுருக்கமாகத் தனி என்பார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு நெஞ்சுக்குள் யாரோ ஓடுவது மாதிரி இருந்தது. சரி, இப்போது தடுமாறி விழப்போகிறது என்று நான் நினைக்கிற இடத்தில் எல்லாக் கணக்கும் சேர்ந்து வந்து பாட்டின் முதல் எழுத்தில் டக்கென்று உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட, வெட்கமாகக்கூட இல்லை.

சுற்றிப் பார்த்தால் மண்டபத்தில் பாதி ஆள் இல்லை. தனி ஆரம்பித்தால் போண்டாவுக்கு எழுந்துபோவது அங்கே எழுதாத சட்டம். கழிப்பறைக்குப் போவது, போனில் பேசுவது, சட்னி எப்படியிருந்தது என்று விசாரிப்பது, எல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்தான். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் கை வீங்கக் கற்றுக்கொண்டதை வாசிக்கிற நேரம் இவர்களுக்கு இடைவேளை! அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் விடவில்லை.

இரண்டாம் வருஷ அழைப்பிதழில் மிருதங்கம் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் போட்டிருந்தது. திருச்சிப் பக்கத்துக்காரர். அவர் வாசித்த சின்னச் சின்னத் துண்டுகளைப் போனில் ஒரு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருந்தேன். எதிலும் தனி முழுசாக இருக்காது, நடுவில் அறுந்துவிடும். முழுசாக ஒரு தனி, அதுவும் நேரில், அதுவும் நம்ம ஊரில்! அந்த வாரம் முழுக்க வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கூடப் படித்தவள், "ஏன்டி, உனக்குக் கல்யாணமா? இம்புட்டு ஆட்டம் ஆடுற" என்று கேலி செய்தாள்.

கச்சேரி ஐந்து மணிக்குத் தொடங்கியது. மறுநாள் முகூர்த்தக்காரர்கள் சாமான் இறக்க வருவதால் ஏழரைக்கு மண்டபத்தை விட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஆறு மணிக்கு வருவார், வந்ததும் மரியாதை செய்வோம் என்றார்கள். ஆறானது, ஆறரையானது, ஆளைக் காணோம். நல்லதாகப் போயிற்று, வராமலே தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாடகர் காம்போதி ராகத்தை நிதானமாகப் பாடி, பாட்டை எடுத்து, ஸ்வரமும் முடித்து, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் வாசிக்க ஆரம்பித்தார். வழக்கம்போல நாற்காலிகள் காலியாகின. எனக்கென்ன, நல்லாப் போங்க, எல்லாத்தையும் தின்னுட்டு வாங்க!

இரண்டு நிமிஷம் இருக்கும். வாசலில் கார் சத்தம். செயலாளர் மேடையேறிப் பாடகரின் தோளைத் தொட்டார். பாடகர் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் விரல் மிருதங்கத்தின் மேல் அப்படியே நின்றது.

அப்புறம் மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பிறகு பேச்சு. சங்கீதம் என்பது கடல், அதைக் கேட்கப் பொறுமை வேண்டும் என்று, ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர் பேசினார். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பியிருப்பார்கள், அதுதான் அந்தக் கனமான சத்தத்தைக் கொடுக்கும். மின்விசிறிக் காற்றில் அது காயக் காய, அந்தப் பெண் விரலால் தண்ணீர் தொட்டுத் தொட்டு ஈரமாக்கிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசிக்கலாம் என்று அவரும் நம்பியிருக்கிறார், பாவம். நடுவில் அவர் கையிலும் ஒரு பொன்னாடையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

பேச்சு முடிந்தபோது ஏழு இருபத்தைந்து. செயலாளர் மைக்கில், "நேரமாயிருச்சு, அப்படியே மங்களம் பாடி முடிச்சிருவோம்" என்றார். பாடகர் உடனே சுருதியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

எழுந்து நின்றுவிட்டேன்.

"தனி இன்னும் முடியல! அவங்க வாசிக்கட்டும்!"

மண்டபமே திரும்பியது. என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. "பேசுன நேரத்துல வாசிச்சு முடிச்சிருப்பாங்க! கேக்கத்தான வந்தோம்?" என்று அதற்கும் மேலே கத்தினேன். செயலாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஓசியில வந்துட்டு என்ன சட்டம் பேசுற? உக்காரு" என்றார். கூட வந்திருந்த அந்தக் கேலிக்காரத் தோழி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நான் மேடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எனக்கு நன்றி சொல்வார், குறைந்தது ஒரு சிரிப்பாவது வரும் என்று நினைத்தேன். அவர் செயலாளரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மங்களம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். அவர் ரவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கத்தினேன் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மறைப்பானேன்.

"எதுக்கும்மா கத்துன?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. "ஒரு தனி போனா போகுது. பொம்பளைக்குப் பக்கவாத்தியம் வாசிக்க எடம் குடுக்கறதே அபூர்வம். இந்த மேடை போச்சுன்னா நீ வந்து குடுப்பியா?"

அவர் உறையின் கயிற்றை இழுத்துக் கட்டி, மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனார். கூடத் துணைக்கு யாரும் வரவில்லை.

அடுத்த வருஷ அழைப்பிதழில் ஏழு நாளும் தேடினேன். அவர் பெயர் எங்கேயும் இல்லை. நேராகச் செயலாளரிடம் போனேன். பக்கவாசலில் மேஜை போட்டு மாணவர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் கத்தினவள் நான் என்பது அவருக்கு ஞாபகமில்லை. அந்த மிருதங்க அம்மாவை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மாவா? வாசிப்பு நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆள் செட் பண்ணிக் கத்த விடுதும்மா. போன வருஷம் விருந்தினர் முன்னாடி எங்க மானமே போச்சு. சொந்தக்காரப் பிள்ளை ஒண்ணக் கூட்டியாந்து, தனி வேணும் தனி வேணும்னு கத்த வச்சிருச்சு."

"கத்துனது நான்தான்" என்றேன். "அவங்களுக்கு நான் யாருமே இல்ல. அன்னைக்குத்தான் மொதமொதப் பாத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. சின்னப்பிள்ளை பொய் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

"சும்மா போம்மா. சொந்தக்காரவுங்களைத் தவிர எவ தனி கேக்கக் கத்துவா?"

என் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றவனின் அட்டையை வாங்கினார்.