வேன்காரம்மாவும் மழுங்கிய போல்ட்டும்

‘டக்... கிரீச்!’

வீட்டை ஒட்டிய வேன் ஷெட்டிலிருந்து வந்த சத்தத்தில், அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பல் கூசியது. ஸ்பேனர் நழுவி, போல்ட்டின் தலையைச் சீவிக்கொண்டு போகிற சத்தம் அது. மறுபடியும் ஒருமுறை. பிறகு சுத்தியல் அடி. பிறகு ஒன்றுமே இல்லை.

எழப்போனவளின் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"போகாதேம்மா. அப்பா ஆசையா வண்டி வேலை பாக்குறாரு. ஒரு தடவையாவது அவரை நம்பேன்."

வேன்காரம்மா கையை உதறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் வேன்காரம்மாதான். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை. மகள் நடை பழகிய வயதில் கணவன் வீட்டைவிட்டுப் போனான். சலவைக்கூடத்துக்குத் துணி ஏற்றும் வேனை மட்டும் விட்டுப்போனான். என்ஜின் செத்துக் கிடந்தது. இல்லையென்றால் அதையும் ஓட்டிக்கொண்டு போயிருப்பான். அவள் மெக்கானிக் கடையில் மணிக்கணக்கில் நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதற்கு உயிர் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் ரத்தக்கறைப் போர்வைகளையும் லாட்ஜுகளின் நாற்றமெடுத்த தலையணை உறைகளையும் முகம் சுளிக்காமல் அள்ளிப் போட்டுத்தான் மகளை வளர்த்தாள். ஊர் அழுக்கு எதுவும் அவளைக் குமட்டவைத்ததில்லை.

நேற்று அவன் ஒரு தோள்பையோடு வந்து நின்றபோதுதான் குமட்டியது.

"இனிமே செத்தாலும் இந்த வீட்டுலதான்" என்று அழுதான். அழுதபடியே மூக்கைச் சிந்திக் கதவில் துடைத்தான். டீ குடித்த டம்ளருக்குள்ளேயே சிகரெட்டை அணைத்தான். அப்பா என்ற சொல்லுக்கே ஏங்கி வளர்ந்த மகள், "இங்கேயே இருக்கட்டும்மா" என்று தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணீருக்காகத்தான் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் தாய். வண்டிக்கு ஆயில் மாற்றுகிற வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது அவள் முகம் துடைக்கும் துண்டில் கைக்கரியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"முடிஞ்சுது! பழைய ஆயிலை இறக்கிட்டுப் புதுசு ஊத்தியாச்சு. இனி உன் வண்டி பறக்கும் பாரு."

"பழசு எங்கே?"

"சாக்கடையில ஊத்திட்டேன். ஏன், தலைக்குத் தேய்க்கப் போறியா?"

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. ஷெட்டுக்குப் போய் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். கோட்டைத் தாண்டி வெகு தூரம் ஏறியிருந்தது ஆயில். நிறமோ கன்னங்கரேல். உடனே வண்டிக்கடியில் படுத்தாள்.

ஆயில் இறக்கும் போல்ட்டின் ஆறு பட்டைத் தலை, சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி உருண்டு கிடந்தது. அளவான ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்க, தொளதொள ஸ்க்ரூ ஸ்பேனரை மாட்டியிருக்கிறான். போதாததற்கு, மல்லாந்து படுத்ததில் இடம் வலம் குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கியே தள்ளியிருக்கிறான். கீறல்கள் எல்லாம் அந்தப் பக்கமே இழுத்திருந்தன. அதன்மேல் கொழகொழவென்று கிரீஸை அப்பி மறைத்தும் வைத்திருந்தான். சீழ் பிடித்த புண்ணுக்குப் பவுடர் பூசியதுபோல் இருந்தது.

"ஆயில் பிடிக்கிற தட்டை எடுத்துக்கிட்டு இங்க வாம்மா" என்று மகளைக் கூப்பிட்டாள்.

கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் வழித்தெறிந்தாள். போல்ட்டைக் கவ்வும் சாக்கெட்டில் ஓர் அளவு சிறியதை அந்த மொட்டைத் தலைமேல் வைத்து, சுத்தியலால் அடித்து அடித்து ஏற்றினாள். கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகிப் பல்லைக் கடித்து இழுத்தாள். ‘மடக்’கென்று இளகியது போல்ட்.

தாரையாய்க் கொட்டியது கறுப்பு ஆயில். நின்றபாடில்லை. தட்டு நிரம்பி, தாங்கிப் பிடித்திருந்த மகளின் விரல்களில் வழிந்தது.

"இறக்கிட்டேன்னு சொன்னாரே..." மகளின் குரல் உடைந்தது.

ஷெட் வாசலில் தீக்குச்சியால் காது குடைந்துகொண்டு நின்றான் அவன். "வண்டி ஓடினா சரிதானே? போல்ட்டுக்குப் போய் ஒப்பாரி வைக்கிறீங்களே, ஆத்தாளும் மகளும்!"

"கழட்ட வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டிருப்பேன்" என்றாள் வேன்காரம்மா. "பழசு மேலேயே புதுசை ஊத்தி மறைச்சுட்டு, வாய் கூசாம பொய் சொல்றீங்களே! இதை நம்பி நான் சாவி போட்டிருந்தா, நடுரோட்டுல என்ஜின் புகைஞ்சு நின்னிருக்கும். எங்க பொழைப்பே அதுதான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நீயாவது சொல்லேன்ம்மா, அப்பாவுக்காக" என்று மகளிடம் குழைந்தான்.

மகள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தோள்பையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"கிளம்புங்கப்பா."

"பெத்த பொண்ணா நீ?" என்றவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து நடந்தான். வாசற்படியில் காறித் துப்பிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

வேன்காரம்மா ஒரு வாளித் தண்ணீரைப் படியில் கொட்டிக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.