மீன் பெட்டிக்குள் வைத்த நாய்ச் சாப்பாடு

கிளாரா என்ற பெயரை மொக்கம்மாள் முதலில் கேட்டது ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். மயிலாடும்பாறை வியாகுலமேரி, தேவாரம் ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்தவள், மொக்கம்மாளின் மீன் கடை முன்னால் நின்று, "எம்மக கிளாராவுக்கு முள்ளுன்னா பயம், பாத்துப் போடுங்க" என்றாள். அந்தத் தங்கச்சி வீட்டுக்காரரின் அக்கா மகன் ஸ்டான்லிக்குத்தான் பிற்பாடு கிளாராவைக் கட்டிக் கொடுத்தார்கள். தேவாரத்துக்கு வந்தவள் கால்நடை மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

புருஷன் போனபிறகு மொக்கம்மாளுக்குக் கடையில் துணை, சீனி என்ற கிழட்டு நாய்தான். தாடையில் ஆபரேஷன் முடிந்து பல்லும் இல்லாமல் கிடந்தது. டப்பாச் சாப்பாடு மட்டுமே தொண்டையில் இறங்கியது. எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் மகன் விஜய்பாண்டி பத்து டப்பா வாங்கி அனுப்பினான். கெடக் கூடாதது எதுவானாலும், மல்லிகைப் பூவோ இட்லி மாவோ, மீன் பெட்டியில் உப்புப் போட்ட ஐஸுக்குள் போகும் என்பது மொக்கம்மாளின் சட்டம். டப்பாக்களும் போயின.

கையிலிருந்த பழைய டப்பா தீர்ந்து, மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் மூடி உப்பியிருந்தது.

"என்ன மதினி, டப்பாவுக்கு ஏழு மாசமா?" என்று பக்கத்துக் கீரைக்கடை ஜோதிலட்சுமி சிரித்தாள்.

மொக்கம்மாள் ஒன்றைத் திறக்கப் போனாள். மீன் வாங்க வந்த கிளாரா கையைப் பிடித்துவிட்டாள்.

"தொறக்காதீகக்கா! உள்ள ஐஸாகி வீங்கிருக்கு. மூடி மடிப்பு விட்டிருந்தா, ஐஸ் கரையும்போது உள்ள கிருமி புகுந்துரும். மோந்து பாத்தாலும் தெரியாது."

"நாய்தான, ஆத்தா. நாறுனதக்கூடத் திங்கும்" என்றாள் ஜோதிலட்சுமி.

"திங்கும், தாங்காது. வயசான உசுரு, அக்கா."

"இதையும் விட்டா அதுக்கு என்னத்தத் தாயி குடுப்பேன்? விஜய்பாண்டி சனிக்கிழமைதான வருவான்" என்றாள் மொக்கம்மாள்.

கிளாரா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு டப்பாவையும் துடைத்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். மாட்டு டாக்டருக்கும் போன் போட்டாள்.

"வீங்குன ஆறும் வேணாம்னு டாக்டர் சொன்னாக. வீங்காத நாலையும் வீட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சுக் கரைய விடுங்க. தண்ணி பிரிஞ்சிருந்தாப் பரவால்ல, கலக்கிக்கிடலாம். வாடையோ நிறமோ மாறியிருந்தா அதையும் தூரப் போட்டுருங்க."

ஆறையும் தெரு நாய்கள் நோண்டாதபடி சாக்கில் கட்டி, அவளே குப்பை வண்டியில் ஏற்றினாள். நாலு டப்பா சனிக்கிழமை வரை பத்தாது என்று, தினமும் வேலைக்குப் போகும் முன் எலும்பில்லாத கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, பிசைந்து கொண்டுவந்தாள். சீனி தட்டை நக்கி வழித்தது.

மொக்கம்மாள் நன்றியை வாயால் சொல்லி அறியாதவள். அன்றிலிருந்து கிளாராவுக்கு என்று எடுக்கும் மீனில் மட்டும், வரிசை நின்றாலும் நிற்கட்டும் என்று, முள்ளைத் தன் கையாலேயே பிடுங்கிக் கொடுக்கிறாள்.

சீனி கடை வாசலில் படுத்திருக்கிறது. கிளாரா தேவாரத்தில், அதே கால்நடை மருந்துக் கடையில்தான் இருக்கிறாள்.