தலைமாட்டில் இருந்த பச்சைக் கிண்ணம்

வயிற்றில் பிள்ளை இருந்த அந்த மாதங்களை நினைத்தால் முதலில் ஒரு பச்சை நிறம்தான் கண்ணில் வருகிறது. தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடந்த நாட்கள். குருசுக்குப்பத்துக் கடல் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து, என் பாயைத் தொட்டுவிட்டுத் திரும்புவதாகத் தோன்றும்.

என் வீட்டுக்காரருக்கு வடக்கே கடலோர அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. நீராவிக் குழாய்களுக்கு மேலுறை சுற்றுவார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். பிள்ளை உண்டானது தெரிந்த வாரமே நான் சட்டம் போட்டுவிட்டேன். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். துணி தனி வாளியில், படுக்கை கதவோரம். என் வயிற்றில் கை வைக்கவே கூடாது.

"நான் யுரேனியத்த கண்ணால பாத்ததுகூட இல்ல. அது உள்ள இருக்குது, நான் ஆவி ஓடற பக்கம். வெளிய வரும்போது மேல எதுனா ஒட்டியிருக்குதான்னு மெஷின்ல நிக்க வச்சி பாத்துட்டுதான் உடறாங்க" என்றார்.

"அது உள்ள இன்னாதான் பண்ணுது?"

ஈரத்தலையோடு கதவோரம் உட்கார்ந்து சொன்னார். யுரேனிய அணுவை நியூட்ரான் என்ற பொடிசு ஒன்று முட்டினால் அணு இரண்டாகப் பிளக்குமாம். சூடு கிளம்புமாம். பிளந்ததிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பொடிசு தெறித்து அடுத்தடுத்த அணுக்களை முட்டுமாம். அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, ஆவி சக்கரத்தைச் சுற்ற, கரண்ட் வருமாம்.

"அவ்ளோ பெரிய கட்டடம் வெந்நி வைக்கத்தானா?"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சட்டத்தை மட்டும் நான் தளர்த்தவில்லை. பயம் அப்படி. பிள்ளை உதைக்கத் தொடங்கியபோதும் அவர் தூரத்திலிருந்தே "இப்ப ஒதைக்குதா?" என்று கேட்டுக்கொள்வார்.

நான் வேலை பார்த்தது பழைய சாமான் கடையில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து அலமாரி, கண்ணாடிச் சாமான் எல்லாம் துடைத்து வைப்பேன். விளிம்பு உடைந்த பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று விற்காது என்று முதலாளியம்மா எனக்கே கொடுத்திருந்தார். குமட்டலுக்கு உப்பு நார்த்தங்காயை அதில் போட்டுத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன்.

ஏழாம் மாதம். கடைக்கு அதே பச்சையில் ஒரு ஜாடி வந்தது. கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கை முதலாளியம்மா அதன் மேல் அடித்தார். ஜாடி வாழைக்குருத்து நிறத்தில் எரிந்தது.

"யுரேனியம் கலந்த கண்ணாடி. அந்தக் காலத்துல நெறத்துக்காக சேப்பாங்க" என்றார்.

என் தலைமாட்டுக் கிண்ணமும் அதே பச்சைதான்.

அந்தச் சனிக்கிழமை விளக்கை இரவல் வாங்கிவந்தேன். அவர் குளித்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்ததும் ஜன்னலைச் சாத்திக் கிண்ணத்தின் மேல் அடித்தேன். வீடு முழுக்க அந்தப் பச்சை. இரண்டு பேருமே அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு அழகு.

"இதுல இருக்கறது கொஞ்சூண்டு. அங்க மாதிரி இங்க முட்டிக்கினு பொளக்காது. திங்கற சாமான் மட்டும் போடாத" என்றார். பிறகு மெதுவாக, "இது உன் தலமாட்டுல இருந்துது. நான் கதவாண்ட இருந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவர் கையை நானே இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை அசையவில்லை. தூங்கியிருக்க வேண்டும்.

"பரவால்ல, ஏந்துக்கட்டும்" என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.