சாட்சிக்கான கட்டம்

பேண்ட்டை நின்றுகொண்டே போடுகிறவர்கள், உட்கார்ந்து போடுகிறவர்கள் என்று மனிதர்களில் இரண்டு கட்சி. பெரியக்கா அறுபத்திரண்டு வயது வரை முதல் கட்சியை விட்டு அசையவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. அங்கே உள்ள பெண்கள் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

மற்ற விஷயங்களில் வயது அவளை ஏற்கெனவே வளைத்துப் போட்டிருந்தது. உட்காரும்போது ‘அப்பாடா’, எழும்போது ‘அம்மாடி’. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுவாள். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தபோது, யாருக்குக் கொடுக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். ஊக்கு கீழே விழுந்தால், குனிந்ததுதான் குனிந்தோம், வேறு ஏதாவது எடுக்க வேண்டியிருக்கிறதா என்று நாலா பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வாள். ஆனால் பேண்ட் விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நீலச் சீருடையில் வலது கால் ஒழுங்காகப் போயிற்று. இடது கால் போகிற வழியில் கட்டைவிரல் தையலில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், சுவர், ஜன்னல், மின்விசிறி என்று வரிசையாகக் காட்சி மாறி, கடைசியில் கட்டிலின் அடிப்பக்கம் தெரிந்தது.

விழுந்தவரை உடனே தூக்காதே என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள். தானும் உடனே எழவில்லை. விரல்களை அசைத்தாள். இடுப்பை அமுக்கினாள். எலும்பு பத்திரம். கட்டிலுக்கு அடியில் நாலு மாதமாகத் தேடிய செருப்பு கிடந்தது. வந்ததற்கு இதாவது கிடைத்ததே என்று அதை இழுத்துக்கொண்டாள்.

அப்போது ஃபிரிட்ஜின் தலையில் இருந்த போன் அடித்தது. கையெட்டும் உயரத்தில் போனை வையுங்கள் என்று போகிற வீடெல்லாம் சொல்கிறவள், தன் போனை அங்கேதான் வைத்திருந்தாள். அது முழுக்க அடித்து ஓய்ந்தது. யாராக இருக்கும்? மகள் வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். இன்று செவ்வாய். எழ முடியாமலே போயிருந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் தினமும் பார்த்துக்கொள்ளப் போகும் வீட்டுப் பெரியவருக்கு, அந்தப் பழைய கால்பந்து நடுவருக்கு. பத்து மணி தாண்டினால் விசில் ஊதுவார். ஆனால் அந்த விசில் அவர் வீட்டில் அல்லவா ஊதும்.

புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியை இழுத்துப் பிடித்து எழுந்தாள். பதினொரு நிமிடம். போனில் திரும்பக் கூப்பிட்டால், நடன வகுப்பில் சேர விருப்பமா என்று பதிவு செய்த குரல் ஒன்று கேட்டது. இரண்டாவது காலை உட்கார்ந்து போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் பையைத் திறந்து, யாராவது விழுந்தால் எழுதிக் கொடுக்க எப்போதும் வைத்திருக்கும் படிவங்களில் ஒன்றை எடுத்து நிரப்பினாள். அது கைப்பழக்கம். விழுந்தவர், நேரம், இடம். எழ உதவியவர்: நாற்காலி. பார்த்தவர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதைக் காலியாக விட்டாள். முழுசாக நிரப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். விழுந்த பராமரிப்பாளரை ஆள் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அறுபதுக்கு மேல் அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் போன் எடுக்கிற நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார வைத்துவிடுவார்கள், நடுவர் வீட்டு வேலை கைவிட்டுப் போய்விடும். ஒரு நாளில் அவளோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

நடுவருக்கு எண்பத்தேழு. கால்பந்து மைதானங்களில் முப்பது வருடம் விசில் ஊதியவர். அந்த விசில் இப்போது கட்டில் கம்பியில் தொங்குகிறது. அழைப்பு மணி அதுதான். அவளுடைய அப்பாடாக்களைத் தினமும் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவது அவர் பொழுதுபோக்கு. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, “எழுதாதம்மா” என்று கெஞ்சினார். அவள் எழுதினாள். அவர் மகன் அதைப் படித்துவிட்டு, அவர் சாயங்காலம் தெருமுனை மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். மூன்று நாள் அவளிடம் பேச்சே இல்லை, வெறும் விசில்தான்.

அன்று அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். கோடு போடத் தயாராக இருந்தவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“என்னம்மா, அப்பாடாவக் காணோம். பல்லக் கடிச்சிக்கிட்டு உக்கார்ற?”

“ஒன்னுமில்ல சார்.”

“எத்தன பேரு மைதானத்துல எங்கிட்ட ஒன்னுமில்லன்னு சொல்லியிருக்கான் தெரியுமா? எங்க விழுந்த?”

“வீட்ல.”

“எழுதியாச்சா?”

“பாதி.”

“என்னோடத அரை மணியில எழுதிட்ட. உன்னோடது பாதியா? குடு பாப்போம்.”

கொடுத்தாள். கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். நாற்காலி என்ற இடத்தில் மூக்கால் சிரித்தார்.

“பார்த்தவர் காலியா இருக்கே.”

“நீங்க போடுங்க சார்.”

“நான் எங்க பாத்தேன்? பாக்காததுக்கு நான் விசில் ஊதினதே இல்ல.” கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். “எப்படி எழுந்த? அதக் காட்டு.”

“இப்பவா? வேலை கிடக்கு.”

“வேலை ஓடியா போகுது. படு கீழ.”

அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வேலை செய்கிற வீட்டில், தரையில் படுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார். அவள் புரண்டாள், முட்டி போட்டாள், நாற்காலியைப் பிடித்தாள். “அம்மாடி.”

“ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். பரவால்லம்மா, நல்லாத்தான் எழுந்திருக்க.” பேனாவைக் கேட்டு வாங்கி, நடுங்கும் எழுத்தில் கட்டத்தை நிரப்பினார்: ‘விழுந்ததைப் பார்க்கவில்லை. எழுந்ததைப் பார்த்தேன்.’ கீழே கையெழுத்து.

தாளை நீட்டியவர் விடாமல் பிடித்துக்கொண்டார். “இதக் குடுத்தா உன்ன மாத்திடுவாங்க இல்ல?”

“ஆமா.”

“குடுக்காட்டி?”

“நாளைக்கு உங்கள தூக்கும்போது என் இடுப்பு விட்டுச்சுன்னா, ரெண்டு பேரும் கீழ. விசில் இங்க மேல தொங்கிட்டிருக்கும்.”

அவர் தாளை விட்டார். “கஞ்சி ஆறிப்போச்சு” என்றார்.

மாலை அலுவலகத்தில் கொடுத்தாள். வியாழக்கிழமை போன் எடுக்கும் நாற்காலி அவளுடையதாயிற்று. நல்ல நாற்காலி, கைப்பிடி உள்ளது. அங்கே அவள் அப்பாடா சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு நாளில் அவளே சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வீட்டில் போன் அடித்தது. நடுவர் வீட்டுக்குப் புதிதாகப் போகும் பெண்.

“பெரியக்கா, தப்பா நெனைக்காதீங்க. பெரியவர் கேக்கச் சொல்லி உயிர எடுக்கறாரு. இன்னிக்கு விழுந்தீங்களா?”

“இல்லன்னு சொல்லு.”

போனுக்கு அப்பால் ஏதோ முணுமுணுப்பு.

“எத்தன அப்பாடான்னு கேக்கறாரு.”

“ஒன்னுமே இல்லன்னு சொல்லு.”

“நம்ப மாட்டேங்கறாருக்கா. நாளைக்கும் எட்டு மணிக்குக் கேப்பாராம்.”

“ஞாயித்துக்கிழமை எம் பொண்ணு பேசுவா. எட்டரைக்குக் கேக்கச் சொல்லு.”

பேசி முடித்து, போனைப் பழையபடி ஃபிரிட்ஜ் மேல் வைக்கப் போனவள் நின்றாள். சமையலறையிலிருந்து குட்டை முக்காலியை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். போனை அதன் மேல் வைத்தாள். பிறகு தரையில் படுத்துக் கையை நீட்டிப் பார்த்தாள். எட்டியது. முக்காலியை ஒரு சாண் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டிப் பார்த்தாள்.