வில்வங்காய்க் கஷாயம்

சப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட பிறகு திருகோணமலையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோயில் ஐயரும் குடும்பத்தோடு திரியாய்ப் பக்கம் போய்விட்டார். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. விட்டுவிட்டுப் போக வழியில்லை. நானும் அவரைப் பெற்ற மாமியும் கூடவே தங்கினோம். எனக்கு அப்போது ஏழு மாதம்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு இரத்த வயிற்றுளைவு கண்டது. ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் பட்டாளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பரியாரியார் நாடி பார்த்துவிட்டு, வில்வங்காயை வெட்டி அவித்துக் கஷாயம் கொடுக்கச் சொன்னார்.

கோயில் பின்வீதியில் பெரிய வில்வமரம் நின்றது. இலை பூசைக்குப் போகும். காயை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் சிவனுடைய மரத்தில் ஐயரைத் தவிர வேறு கை படக்கூடாது என்பது மாமியின் கட்டளை. கீழே விழுந்ததைப் பொறுக்கி வந்து அவித்துக் கொடுத்தார். விழுந்ததென்றால் பழுத்தது. குடித்த பிறகு போக்கு இன்னும் கூடியது. பரியாரியாரிடம் ஓடினேன். காயின் துவர்ப்புத்தான் மருந்து, பழுத்தால் அது போய்விடும், பழம் வயிற்றை இளக்கும் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மரத்தில் பறிக்க வேண்டும் என்றேன். ஐயர் வரட்டும், கேட்டுப் பறிப்போம் என்றார் மாமி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரியோ ஊரிலேயே இல்லை. பயத்தில் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"ஐயர் வாறதுக்கிடையில உங்கட மகன் போயிடுவார், மாமி. நான் போய்ப் பறிக்கிறன்."

கொக்கத்தடியோடு மரத்தடிக்குப் போனேன். மாமி பின்னால் வந்து தடியைப் பிடுங்கினார். தடுக்கத்தான் வந்தார் என்று நினைத்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், பச்சைக்காய்களை இழுத்து விழுத்தினார்.

"வயித்தில பிள்ளையோட நீ இந்த மரத்தில கை வைக்கக்கூடாது. பாவம் என்னோட கிடக்கட்டும்."

ஓட்டை உடைத்து, சதையை வில்லைகளாக அரிந்து, தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை அவித்து வடித்தேன். ருசி பார்த்த என் நாக்கே இழுத்துக்கொண்டது. மெல்ல மெல்ல உளைவு அடங்கியது. கணவர் எழுந்திருந்து கஞ்சி கேட்டார்.

மாமி அதோடு கோயிலுக்குள் போவதை நிறுத்திவிட்டார். ஐயர் ஊர் திரும்பிய பிறகும் போகவில்லை. சண்டை பிடித்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மகள் பிறந்து துடக்குக் கழித்து முதன்முதல் கோயிலுக்குக் கொண்டுபோன அன்று, வழியெல்லாம் அவர்தான் பிள்ளையை அணைத்துக்கொண்டு வந்தார். வாசலில் அவளை என் கையில் தந்துவிட்டு, வெளியில் நின்றபடி கும்பிட்டார்.